சொந்த விசுவாசமும் அயலவர் சமயமும்: ஆலங்குடாக் கரையிலிருந்து ஒரு நோக்கு

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாடு மேற்கே இந்து சமுத்திரத்திற்கும் கிழக்கே புத்தளம் களப்பிற்கும் இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு மணல் நிலமாகும். பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில் நுரைச்சோலையைக் கடந்தால் ஆலங்குடாவை அடையலாம். முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் இக்கிராமத்திலிருந்து அதே கரையோரமாக இன்னும் சற்று வடக்கே சென்றால் தலவில புனித அன்னம்மாள் திருத்தலம் உள்ளது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்திலும் பின்னர் ஜூலை, ஓகஸ்ட் காலப்பகுதியிலும் நடைபெறும் இரு பெருவிழாக்களுக்கென நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் யாத்திரிகர் இங்கு வருகின்றனர். சிங்களம் பேசும் கத்தோலிக்கரும் தமிழ் பேசும் கத்தோலிக்கரும் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் அவர்களுள் அடங்குவர். அவர்களுடைய வாகனங்கள் யாவும் முஸ்லிம் கிராமங்களின் ஊடாகவே சென்று திரும்புகின்றன. பள்ளிவாசலின் பாங்கொலியைக் கேட்டவாறே அன்னம்மாளின் ஆலயத்தை அடைகின்ற இந்தப் பயணம் பல தலைமுறைகளாக நடந்து வருவதால் அதில் எவரும் புதுமை காண்பதில்லை.

எனினும், அங்கு செல்லும் கத்தோலிக்கரில் எத்தனை பேர், வழியிலுள்ள கிராமத்து மக்கள் அன்னம்மாளைப் பற்றி என்ன அறிந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்திருப்பர்? கத்தோலிக்கனாகிய நானும் நீண்ட காலம் எண்ணிப் பார்த்ததில்லை என்பதை முதலிலேயே கூறிவிடுவது நேர்மையாகும்.

அன்னம்மாள் என்பவர் இயேசுவின் தாயாகிய மரியாளின் தாயார். ஆனால், விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் எந்த இடத்திலும் அவருடைய பெயர் இல்லை. மரியாளின் பெற்றோரைப் பற்றி நான்கு நற்செய்தி நூல்களும் மௌனமாக இருக்கின்றன. யோவாக்கீம், அன்னா என்னும் பெயர்களும், முதுமை வரை பிள்ளைப் பேறின்றி வருந்திய அத்தம்பதியர் இறைவனிடம் வேண்டிப் பெற்ற மகளே மரியாள் என்னும் வரலாறும் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் யாக்கோபின் முதல் நற்செய்தி என்ற நூலிலிருந்தே திருச்சபையின் மரபுக்குள் வந்தன. அந்நூல் விவிலியத் தொகுதியில் சேர்க்கப்படவில்லை. மாறாக, திருக்குர்ஆனின் மூன்றாவது அத்தியாயமோ இம்ரானின் குடும்பத்தார் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. இம்ரானின் துணைவியார் தம் வயிற்றில் வளரும் குழந்தையை இறைவனுக்கென நேர்ந்து கொண்டதும், பிறந்தது பெண் குழந்தையாக இருக்கக் கண்டு அதற்கு மர்யம் எனப் பெயரிட்டதும், அக்குழந்தையை நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் பொறுப்பேற்று வளர்த்ததும் அங்கே கூறப்படுகின்றன. அந்தத் தாயாரின் பெயர் ஹன்னா என்பது இஸ்லாமிய விரிவுரையாளர்களின் கூற்று. பத்தொன்பதாவது அத்தியாயம் மர்யம் (அலை) அவர்களின் பெயராலேயே வழங்குகின்றது.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவை சிறு வயதிலேயே கற்பிக்கப்பட்ட செய்திகள். கிறிஸ்தவ வாசகர் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடும். தலவில ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றும் ஒரு தாயும் ஆலங்குடாவில் குர்ஆன் ஓதும் ஒரு தாயும் ஒரே பெண்மணியைப் பெருமதிப்புடன் நினைவு கூருகின்றனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆயினும், இந்த ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்து அத்துடன் நின்று விடுவது ஆபத்தானது என்றே கருதுகின்றேன். எல்லாச் சமயங்களும் ஒன்றே, எல்லா ஆறுகளும் கடலையே சேர்கின்றன என்று மேடைகளில் பேசிக் கைதட்டல் பெறுவது எளிது. நல்லெண்ணத்துடன் கூறப்படும் அக்கூற்று, தம் சமயத்தை உண்மையாகக் கைக்கொள்ளும் எவருக்கும் நிறைவளிப்பதில்லை. கிறிஸ்தவன் இயேசுவை இறைமகன் என்றும் அவர் சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தார் என்றும் விசுவசிக்கின்றான். முஸ்லிம் நபி ஈஸா (அலை) அவர்களை இறைத்தூதராக ஏற்று மதிக்கின்றார். இறைவனுக்கு மகன் உண்டென்பதையோ அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்பதையோ ஏற்பதில்லை. கத்தோலிக்கன் அன்னம்மாளின் திருச்சொரூபத்தின் முன் முழந்தாளிடுகின்றான். உருவங்களின் முன் வணங்குவது முஸ்லிமுக்குத் தடுக்கப்பட்டது. இவை சிறு வேறுபாடுகள் அல்ல. இவற்றை மறைத்துக் கட்டப்படும் நல்லுறவு முதல் மழையிலேயே கரைந்துவிடும். திருவிழாவிற்கு அழைக்கப்பட்ட முஸ்லிம் நண்பர் ஆலயத்தினுள் வராமல் வெளியே நின்றால் அது அவமதிப்பன்று. அவர் தம் இறைவனுக்கு உண்மையாக இருக்கின்றார் என்பதே அதன் பொருள். அதைப் புரிந்து கொள்ளும் தகுதி, தன் விசுவாசத்தை உண்மையாகக் கைக்கொள்ளும் கிறிஸ்தவனுக்கே மற்றெவரையும் விட அதிகமாக இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு கிறிஸ்தவன் பேசுவதற்கு முன் ஒப்புக்கொள்ள வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. இந்தக் கரைக்குக் கத்தோலிக்க மதம் போர்த்துக்கேயரின் கப்பல்களுடன் வந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621 இலும் திருக்கோணேச்சரம் 1624 இலும் அவர்களால் இடித்தழிக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்திலேயே, சிலாபத்திற்கு அருகிலுள்ள முன்னேஸ்வரம் ஆலயமும் அவர்கள் கையில் அதே கதியை அடைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதை மீண்டும் புனரமைக்கச் செய்தவர் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்க மன்னர். முஸ்லிம்களோ போர்த்துக்கேயரின் கண்களில் வணிகப் போட்டியாளராகவும் சமயப் பகைவராகவும் ஒருங்கே தென்பட்டனர். 1626 இல் அவர்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து விரட்டப்பட்டபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரைக் கிழக்குக் கரையில் குடியேற்றினார் என்று வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். சிலுவையின் பெயரால் செய்யப்பட்டவற்றிற்கு இன்றைய கத்தோலிக்கன் நேரடிப் பொறுப்பாளி அல்லன். ஆனால் அவற்றை மறந்து விட்டு மத நல்லிணக்கம் பற்றி உபதேசிக்கும் உரிமையும் அவனுக்கில்லை.

வரலாறு பின்னர் முற்றாகத் திரும்பியது. 1658 இல் போர்த்துக்கேயரை வெளியேற்றிக் கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்க வழிபாட்டை அவர்கள் தடை செய்தனர். மதகுருமாருக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கற்பிட்டியில் 1667 இல் தொடங்கி அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. களப்பிற்கு அப்பாலிருந்த புத்தளமோ கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்டது. ஆக, இன்று மீனவர் வள்ளங்களில் எளிதில் கடக்கும் இந்தக் களப்பு அன்று ஓர் எல்லைக்கோடாக விளங்கியது. இக்கரையில் கத்தோலிக்கனாக வழிபடுவது குற்றம். அக்கரையில் ஒரு பௌத்த மன்னரின் நிழலில் அது அனுமதிக்கப்பட்ட செயல்.

அந்த எல்லையைக் கடந்தவர்களுள் ஒருவரே யோசப் வாஸ் அடிகளார். கோவாவில் 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி பிறந்த இவர், மதகுருமார் எவருமின்றி இலங்கைக் கத்தோலிக்கர் தவிப்பதைக் கேள்வியுற்று, 1687 இல் பிச்சைக்காரனைப் போல வேடமிட்டு இங்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் மறைந்திருந்து பணியாற்றிய அவர், ஒல்லாந்தரின் கெடுபிடி முற்றியபோது 1690 இல் புத்தளத்திற்கு வந்தார். பின்னர் 1692 இல் கண்டியை அடைந்ததும் போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையிடப்பட்டார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரது வாழ்க்கையைக் கண்டு ஐயம் நீங்கி அவருக்குச் சுதந்திரம் அளித்தார். 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடிய வேளையில், அடிகளாரும் அவருடன் இருந்த இன்னொரு குருவும் வீதியோரத்திலும் காட்டிலும் கிடந்தவர்களைச் சமயம் பாராது தேடிச் சென்று பராமரித்தனர். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் காலமான அவரை, 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இவ்வரலாற்றைக் கத்தோலிக்கர் கூறும்போது வழக்கமாக அடிகளாரின் புகழோடு நிறுத்திக் கொள்வர். அதில் மன்னரின் பங்கு போதிய கவனத்தைப் பெறுவதில்லை. விமலதர்மசூரிய மன்னர் இறுதிவரை கிறிஸ்தவராக மாறவில்லை. பெரியம்மை பரவிய அதே 1697 ஆம் ஆண்டில் அவர் அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து, இலங்கையில் அற்றுப் போயிருந்த உபசம்பதா சடங்கை மீண்டும் நிறுவினார். தம் சமயத்தைப் புதுப்பிப்பதில் அத்தனை அக்கறை கொண்ட ஒருவரே வேற்றுச் சமயக் குருவுக்குப் பாதுகாப்பும் கொடுத்தார். சமயப் பற்று ஆழமாக இருந்தால் பிறரை வெறுக்கவே நேரும் என்று வாதிடுவோரும், பிறரை மதிப்பதற்குத் தன் பற்றைத் தளர்த்திக் கொள்ள வேண்டும் என்று எண்ணுவோரும் கண்டி அரண்மனையின் இந்த அத்தியாயத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

புகலிடம் தேடி வந்தவர்களின் கதையை இஸ்லாமிய வரலாறும் தன் தொடக்கத்திலேயே கொண்டுள்ளது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களில் ஒரு குழுவினர் கி.பி. 615 அளவில் அபிசீனியாவுக்குப் புலம் பெயர்ந்தனர். அவர்களைத் திருப்பி ஒப்படைக்கும்படி குறைஷியர் பரிசுப் பொருட்களுடன் தூதனுப்பினர். அந்நாட்டின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அகதிகளை அழைத்து அவர்களின் சமயம் யாதெனக் கேட்டார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்திலிருந்து ஓதிக் காட்டினார்கள் என்றும், மன்னர் கண்ணீர் விட்டு அவர்களை ஒப்படைக்க மறுத்தார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நஜ்ஜாஷி பின்னர் இஸ்லாத்தை ஏற்றார் என்பது முஸ்லிம்களின் மரபு. எவ்வாறாயினும் அன்று அரியணையிலிருந்து அவர் அளித்த தீர்ப்பு ஒரு கிறிஸ்தவ மன்னரின் தீர்ப்பாகும்.

ஆலங்குடாவில் வாழும் மக்களுக்கு இத்தகைய கதைகளைப் புத்தகத்தில் தேட வேண்டிய அவசியம் இல்லை. 1990 ஒக்டோபர் மாதத்தின் இறுதி நாட்களில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அதற்கென வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசல், கடை, காணி, பள்ளிவாசல் அனைத்தையும் விட்டுப் புறப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கடல் வழியாகவே கற்பிட்டிக் கரையை வந்தடைந்தனர். பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும், பின்னர் கிடுகுக் கொட்டில்களிலுமாக அவர்களை ஏற்றுக்கொண்டது புத்தளத்து மக்களே. சில நாட்களுக்கென வந்தவர்களின் வாழ்க்கை தசாப்தங்களாக நீண்டது. குடிநீர், காணி, தொழில், பாடசாலை இடம் ஆகியவற்றில் வந்தோருக்கும் இருந்தோருக்கும் இடையே உரசல்கள் ஏற்பட்டதும் உண்மை. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். பலர் இங்கேயே தங்கிவிட்டனர்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்நிகழ்வைத் தம் மனச்சாட்சிக்கு முன் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். வெளியேற்றம் தமிழரின் பெயரால் செய்யப்பட்டது. தமிழரில் கிறிஸ்தவரும் அடங்குவர். மன்னாரில் தமிழ் மக்கள் இக்கட்டளையை எதிர்த்துக் குரல் கொடுத்தனர் என்பதும், அங்கிருந்த கிறிஸ்தவ மதகுருமார் புலிகளின் தலைமையுடன் பேசினர் என்பதும், அதன் பயனாக அவகாசம் சில நாட்கள் நீடிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளன. அவர்களால் வெளியேற்றத்தைத் தடுக்க முடியவில்லை. துப்பாக்கியின் முன் அவ்வளவு பேசியதே பெரிது என்று ஒருவர் கூறலாம். வள்ளத்தில் ஏறியவரின் பார்வையில் அது எவ்வளவு சிறிதாகத் தெரிந்திருக்கும் என்பதையும் நாம் உணர வேண்டும். இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது நியாயமாகாது.

அப்படியாயின் பிற சமயங்களைப் பற்றித் திருச்சபை என்னதான் போதிக்கின்றது என்ற கேள்வி எழும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28 இல் கிறிஸ்தவமல்லாத சமயங்கள் பற்றிய விளக்கத்தை வெளியிட்டது. அச்சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை நிராகரிப்பதில்லை என்பது அதன் சாரம். முஸ்லிம்கள் ஏக இறைவனை வணங்குபவர்கள், இயேசுவை இறைத்தூதராகப் போற்றுபவர்கள், மரியன்னையைக் கனம் பண்ணுபவர்கள் என்று எடுத்துரைத்து, கடந்த காலப் பகைமைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்து கொள்ள முயலுமாறு அது இரு தரப்பினரையும் கேட்டுக் கொள்கின்றது. அதே ஆண்டு டிசம்பர் 7 இல் வெளியான சமய சுதந்திரம் பற்றிய பிரகடனம், எவரையும் அவருடைய மனச்சாட்சிக்கு விரோதமாக நிர்ப்பந்திக்கலாகாது என்று வலியுறுத்தியது. 2019 பெப்ரவரி 4 அன்று அபுதாபியில் பாப்பரசர் பிரான்சிஸும் அல்-அஸ்ஹரின் பேரிமாம் அஹ்மத் அல்-தைய்யிபும் மனித சகோதரத்துவம் பற்றிய ஆவணத்தில் கையொப்பமிட்டனர்.

இதனால் கிறிஸ்தவன் தன் நற்செய்தியை எடுத்துரைக்கும் கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டான் என்பதல்ல. அந்தக் கடமை அப்படியே இருக்கின்றது. மதமாற்றம் பற்றிய அச்சம் இந்நாட்டில் இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் ஆகிய மூன்று சமூகத்தவரிடமும் உண்டு. 2004 இல் கட்டாய மதமாற்றத்தைத் தடை செய்வதற்கான சட்டமூலமே பாராளுமன்றத்திற்குக் கொண்டு வரப்பட்டது. அச்சட்டமூலத்தை எதிர்த்த கிறிஸ்தவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் அதற்குக் காரணமான மனக்குறையை முற்றாகப் புறந்தள்ள இயலாது. பசித்திருப்பவனிடம் ஒரு கையில் உணவுப் பொதியையும் மறு கையில் துண்டுப் பிரசுரத்தையும் நீட்டுவது நற்செய்தியாகாது. தம் நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் மறுமொழி கூற ஆயத்தமாயிருக்கும்படி பேதுருவின் முதலாம் திருமுகம் கிறிஸ்தவருக்கு அறிவுறுத்துகின்றது. கேட்பவருக்கு என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒருவன் வாழும் விதத்தைக் கண்டு அயலவர் கேட்கும்போதே அந்த மறுமொழிக்கு இடமுண்டாகின்றது.

அவ்வாறு வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் காலத்திலேயே இருந்தார். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் றொட்ரிகோ அடிகளார் பௌத்த தத்துவத்தில் ஆழ்ந்த புலமை பெற்றவர். 1980 இல் அவர் ஊவா மாகாணத்தின் புத்தளை என்னும் பகுதியில், கிறிஸ்தவர் எவருமில்லாத ஓர் ஏழைப் பௌத்த விவசாயக் கிராமத்திற்குச் சென்று குடிசையொன்றில் வாழத் தொடங்கினார். (பெயர் ஒத்திருப்பினும் இது நமது புத்தளமன்று.) மதம் மாற்ற வந்தவர் என்றே ஊரார் முதலில் ஐயுற்றனர். விகாரைப் பிக்குவுடனும் விவசாயிகளுடனும் சேர்ந்து உழைத்த அவர் எவரையும் மதம் மாறும்படி கேட்கவில்லை. அதேவேளை தம் குருத்துவத்தை ஒளிக்கவுமில்லை. நாள்தோறும் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1987 நவம்பர் 10 அன்று திருப்பலி நிறைவேற்றிக் கொண்டிருந்த வேளையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவை யாவும் அமைதிக் காலத்தில் பேசுவதற்கு இனிமையானவை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று அவை கடுமையான சோதனைக்குள்ளாயின. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கட்டுவாப்பிட்டியில் மாத்திரம் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். தாக்குதலுக்கு முன்னரே புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. அயல்நாட்டுப் புலனாய்வு எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. அவற்றைப் பொருட்படுத்தாதவர்களின் பொறுப்பை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உறுதி செய்து, முன்னாள் ஜனாதிபதி உட்படப் பலரை நட்டஈடு செலுத்தப் பணித்தது.

தாக்குதலாளிகளின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க இடமளிக்கப் போவதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை பழிவாங்கலில் இறங்க வேண்டாமென்று கத்தோலிக்கரை மீண்டும் மீண்டும் கேட்டுக் கொண்டார். மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பில் கைகலப்பு ஏற்பட்டபோது நேரில் சென்று முஸ்லிம்களைச் சந்தித்தார். ஆயினும் மே 12 அன்று சிலாபத்தில் முகநூல் பதிவொன்றைக் காரணம் காட்டிப் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்செயல் வடமேல் மாகாணமெங்கும் பரவி, புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். சிலாபம் ஒரு மறைமாவட்டத்தின் தலைநகர். 1939 முதல் ஆயர் வீற்றிருக்கும் இடம். கல்லெறிந்தவர் எவராயினும், அந்நகரில் அது நிகழ்ந்தது என்பது கத்தோலிக்கருக்கு வலிக்க வேண்டிய செய்தியே.

துயருற்ற ஒருவனிடம் போய் மன்னிப்பைப் பற்றிப் போதிப்பது எனக்கு எப்போதும் கூச்சம் தருவதாகும். கட்டுவாப்பிட்டியில் பிள்ளைகளை இழந்தவர்கள் நீதி கேட்பதற்குப் பூரண உரிமை உடையவர்கள். அவர்கள் கேட்கும் நீதி, யார் திட்டமிட்டது, யார் தடுக்கத் தவறியது, யார் அதனால் ஆதாயம் பெற்றது என்பதைப் பற்றியது. கொட்டாரமுல்லையில் வெட்டுண்டவருக்கும் அக்கேள்விகளுக்கும் என்ன தொடர்பு? இயேசு கூறிய நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சமாரியர் என்போர் அன்றைய யூதரின் பார்வையில் வேற்றுச் சமயத்தவருக்கு ஒப்பானவர்கள். வணங்கும் மலையே வேறு. வீதியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவன் அவனே என்று இயேசு கூறியபோது கேட்டிருந்தோர் முகம் சுளித்திருப்பர்.

ஓராண்டு கழித்துக் கொவிட் பெருந்தொற்று வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 2020 ஏப்ரலில் அரசாங்கம் தொற்றினால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டுமென்று வர்த்தமானி அறிவித்தலை வெளியிட்டது. அடக்கம் செய்வதால் கேடில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியும் அது மாற்றப்படவில்லை. பிறந்து இருபது நாட்களேயான முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடலும் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டது. அடக்கம் செய்வதையே மரபாகக் கொண்ட கிறிஸ்தவர்களும் இதனால் பாதிக்கப்பட்டனர். ஆனால் உடலை எரிப்பது முஸ்லிமுக்குத் திட்டவட்டமாகத் தடுக்கப்பட்டதைப் போலக் கத்தோலிக்கனுக்குத் தடுக்கப்படவில்லை. எனவே நம்மில் பலர் இதை முஸ்லிம்களின் பிரச்சினையாகக் கருதி வாளாவிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பேசிய கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்கள் தொகை போதாது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டு ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே முஸ்லிம்களுக்கு அருகே பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அடக்கம் செய்யப்பட்டனர். 2024 ஜூலையில் அமைச்சரவை இக்கட்டாயத் தகனத்திற்கு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அயலவர் தமது இறந்தவர்களைத் தமது முறைப்படி அடக்குவதற்காகப் பேசுவதும், அயலவரின் கடை எரியும்போது வாசலில் போய் நிற்பதும் ஒருவருடைய விசுவாசத்தை எள்ளளவும் குறைப்பதில்லை. ஆனால் அப்படிச் செய்வதற்கு முதலில் அயலவர் யாரெனத் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நமது பாடசாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. இலங்கையில் சமயம் ஒரு கட்டாய பாடம். ஒவ்வொரு மாணவரும் தத்தமது சமயத்தையே பயில்வர். சமய பாட வேளையில் வகுப்பு பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குச் செல்லும்; அதுவும் பல சமய மாணவர் ஒரே பாடசாலையில் இருந்தால்தான். முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று பிரிந்தே பெரும்பாலான பிள்ளைகள் கற்கின்றனர். கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு கத்தோலிக்க மாணவன் இஸ்லாத்தைப் பற்றி ஒரு பாடமேனும் படிக்காமலேயே சாதாரண தரப் பரீட்சையில் திறமைச் சித்தி பெற்றுவிட முடியும். ஆலங்குடாவிலுள்ள முஸ்லிம் மாணவனின் நிலையும் அதுவே.

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆலங்குடா, ஏத்தாலை, தலவில ஆகிய ஊர்களில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துபவரும் மதரஸாவில் போதிப்பவரும் ஆண்டில் ஒரு நாள் ஒரே இடத்தில் அமரலாம். கூட்டு வழிபாடு வேண்டாம். அதில் இரு தரப்பினருக்கும் நியாயமான தயக்கங்கள் உண்டு. இம்ரானின் துணைவியார் நேர்ந்து கொண்ட வரலாற்றை மௌலவி தம் நூலின்படி சொல்லட்டும். அன்னம்மாளைப் பற்றிய மரபை மறைக்கல்வி ஆசிரியர் தம் வழியில் சொல்லட்டும். எங்கே இரண்டும் பிரிகின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். ஜூலை 26 அன்னம்மாளின் நினைவுநாள். தலவில வீதி யாத்திரிகர்களால் நிறைந்திருக்கும் அந்நாட்களை ஒட்டி அதை வைத்துக் கொள்வது பொருத்தமாயிருக்கும்.